தம்பிக்கு அரைத்த பொடி

மேச்சேரி
22.07.2024

பிரபாவுக்கு, உன் புருஷனின் அக்கா, உன் நங்கையா சௌந்திரம் எழுதுவது.

போனில் கூப்பிடாமல் எதற்குக் கடிதாசி என்று நினைப்பாய். போன் என்றால் நான் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசுவேன், நீ வைத்துவிடுவாய். கடிதாசியை நடுவில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

ஆடி ஒண்ணாந்தேதி நோம்பிக்கு உங்களை வருந்தி வருந்தி அழைத்தது நான்தான். தேங்காயில் கண்ணைத் துளைத்து, வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் திணித்து, குச்சியில் செருகி, புகையில் கண்ணெரிய உட்கார்ந்து சுட்டதும் நான்தான். சுட்ட தேங்காய் என்றால் தம்பிக்கு உயிர். ஒரே ஒரு சில்லுதான் கொடுத்தேன். வாய் வரைக்கும் போனதைப் பிடுங்கினாயே. எங்கள் வீட்டுக்காரர் செல்லமுத்துவும் பங்காளிகளும் பார்த்துக்கொண்டு நிற்க, "இது அவருக்கு ஆகாதுன்னு எத்தன வாட்டிங்க சொல்றது" என்றாய். நான் என்ன, விஷமா வைத்தேன்?

எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. எனக்குப் பதினாலு. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவனுக்குச் சோறாக்கிப் போட்டேன். அவன் ரிக் வண்டியில் போர் போடப் போய், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வருஷம் முழுக்கச் சுற்றியபோதும் என் கைப் பொடி டப்பா அவன் வண்டியில் இருக்கும். இப்போது கிட்னி இரண்டும் போய்விட்டது, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். தை மாதம் உன் கிட்னியில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைக்கப் போகிறார்கள். நீ கொடுக்கிறாய். நான் கொடுக்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிட்னியும் ஆகாது, தேங்காயும் ஆகாது என்றால் நான் அவனுக்கு எதைத்தான் கொடுப்பது?

கழுத்தெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தான். அவன் என்னதான் சாப்பிடலாம் என்று எழுது. கோபமாகவாவது எழுது.

சௌந்திரம்


புதுச்சத்திரம்
30.07.2024

நங்கையாவுக்கு,

கிழிக்கவில்லை.

அன்று நான் பிடுங்கியது தப்பு. கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். ஆனால் தேங்காய், வெல்லம் இரண்டும் அவருக்கு ஆகாது என்பது தப்பில்லை. அதில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது. நமக்கெல்லாம் அது சிறுநீரில் போய்விடும். அவருக்குப் போக வழியில்லை, ரத்தத்திலேயே தங்கிவிடும். அளவுக்கு மேல் தங்கினால் நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். நின்றுவிடும் என்றுதான் சொன்னார், நங்கையா, வலிக்கும் என்று சொல்லவில்லை. தை வரைக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். உப்பு கிடையாது. தண்ணீர் நாளுக்கு நாலு டம்ளர். கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர் கிடையாது. மற்ற காய்களை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும். முட்டையில் வெள்ளை மட்டும். மஞ்சள் கருவெல்லாம் நம் பிள்ளை தமிழினிக்குப் போகிறது. அவள் இப்போது மஞ்சள் கருவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறாள்.

சேகோ ஆலையில் ஜவ்வரிசி வேலை முடிய எனக்கு ஆறு மணி ஆகிவிடுகிறது. தனித்தனியாகச் சமைக்க உடம்பில் தெம்பில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலை செய்துவைத்துவிடுவேன். கொத்தமல்லி, மிளகு, சீரகம், நாலு வரமிளகாய், கொஞ்சம் துவரம்பருப்பு, எல்லாவற்றையும் வறுத்து உப்பில்லாமல் பொடித்துக்கொள்வேன். கடலெண்ணெயைச் சின்னத் தீயில் வைத்து, கடுகும் கறிவேப்பிலையும் நசுக்கிய பூண்டும் போட்டு, பூண்டு நன்றாகச் சிவந்ததும் இறக்கி வடிகட்டி ஃபிரிட்ஜில் வைப்பேன். ஒரு வாரம் வரும். சாயங்காலம் சோறு வடித்து, காயை வேகவைத்து, மேலே ஒரு கரண்டி எண்ணெயும் இரண்டு ஸ்பூன் பொடியும் போட்டுப் பிரட்டினால் இருபது நிமிஷத்தில் மூன்று பேருக்கும் சாப்பாடு. வாசனை இருப்பதால் உப்பில்லாதது கொஞ்சம் மறக்கும். கொஞ்சம்தான். நானும் தமிழினியும் எங்கள் தட்டில் உப்புத் தூவிக்கொள்கிறோம், அவர் எழுந்து கைகழுவப் போன பிறகு.

ஒரு பாட்டில் எண்ணெயும் ஒரு டப்பா பொடியும் கூரியரில் அனுப்புகிறேன். நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள்.

பிரபா


மேச்சேரி
09.08.2024

பிரபா,

பாட்டில் உடையாமல் வந்தது. நீ சுற்றியிருந்த துணியைப் பிரிக்கவே அரை நாள் ஆயிற்று. சேகோ மூட்டைக்குக் கூட இத்தனை கட்டுக் கட்டமாட்டார்கள்.

உன் எண்ணெய் நன்றாகத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் கொட்டகையில் இருந்த ஆடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆனால் உப்பில்லாமல் அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தேன் பார், எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன்டி, யாராச்சும் செத்துட்டாங்களா" என்றார். நான் மட்டும் பிடிவாதமாகத் தட்டைக் காலி செய்தேன். மூன்று நாள் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்த்தேன், பிரபா. மூன்றாம் நாள் சோற்றைப் பார்க்கவே அழுகை வந்தது. அவன் ஏழு மாசமாக இதைச் சாப்பிடுகிறான். நீ ஏழு மாசமாக இதைச் சமைக்கிறாய். நோம்பியன்று நான் உன்னைப் பேசினது அதிகம்தான். இதற்கு மேல் என்னால் இறங்கிவர முடியாது, வைத்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொடியை நான் அரைத்து அனுப்புகிறேனே. நீ சொல்லும் சாமான்தான், நீ சொல்லும் அளவுதான். அவன் தட்டில் என் கை ஒன்று இருக்கட்டும். உனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை குறையும்.

சௌந்திரம்


புதுச்சத்திரம்
25.08.2024

நங்கையாவுக்கு,

அவரிடம் கேட்டேன். "அக்கா அரச்சு அனுப்பறேங்குதா" என்று எழுந்து உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் நான் என்ன யோசிக்க?

அளவைத் தனிக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். அதில் இல்லாத எதுவும் வேண்டாம். எள் வேண்டாம். கீரையைக் காயவைத்துப் போட்டால் ரத்தம் ஊறும் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். உப்பு வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம். மூன்று தடவை எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். காலையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தால் மூச்சு வருகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் பால் வாங்கப் போகிறேன்.

பிரபா


மேச்சேரி
14.09.2024

பிரபா,

முதல் டப்பா இதோடு வருகிறது. நீ எழுதிய காகிதத்தை அம்மிக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்துத்தான் அளந்தேன். மிக்ஸியில் அரைக்கவில்லை, அம்மியில் நுணுக்கினேன், கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும், அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். டப்பா மேலே அவன் பேரை எழுதியிருக்கிறேன். நீயும் தமிழினியும் உங்கள் பொடியைச் சாப்பிடுங்கள், இது அவனுக்கு மட்டும்.

தம்பி என்னிடம் அப்பப்போ போனில் பேசுகிறான். நீ வேலைக்குப் போன பிறகு. உன்னைக் குறை சொல்ல மாட்டான், அதை மட்டும் தெரிந்துகொள். "நாக்கே செத்துப்போச்சுக்கா" என்பான், அப்புறம் அவனே சிரிப்பான்.

சௌந்திரம்


புதுச்சத்திரம்
06.10.2024

நங்கையாவுக்கு,

இரண்டாவது டப்பாவும் வந்தது. நல்ல செய்தி எழுதவே உட்கார்ந்தேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சாப்பிடுகிறார். நேற்று வெள்ளை ரவை உப்புமா செய்து உங்கள் பொடியைத் தூவி, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். இன்னொரு கரண்டி கேட்டார். அவர் இன்னொரு கரண்டி கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. சாப்பிட்டுவிட்டு ராஜஸ்தானில் ஒரு ஊரில் ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராமல் புகையாக வந்த கதையைச் சொன்னார். தமிழினி நூறு தடவை கேட்ட கதை. அவளும் முதல் தடவை கேட்கிற மாதிரி, "அப்புறம்ப்பா" என்றாள்.

உங்கள் பொடியில் தனி ருசி இருக்கிறது. என்னவென்று நான் கேட்கப் போவதில்லை.

ஆபரேஷன் தை இரண்டாம் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்தது.

பிரபா


மேச்சேரி
28.10.2024

பிரபா,

தீபாவளிக்கு உங்களுக்கு முறுக்கு, தமிழினிக்குப் பாவாடை சட்டை, தம்பிக்குப் பொடி. மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன். பொடி இந்தத் தடவை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவன்தான், "போன வாட்டிய விட இன்னுங் கொஞ்சம் சுள்ளுனு போடுக்கா" என்றான். மிளகைச் சொன்னான். கவலைப்படாதே.

ஆபரேஷன் சமயத்தில் நான் வந்து தங்கிக்கொள்கிறேன். ஆடுகளை எங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், இல்லையென்றால் ஆடுகள் அவரைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது தமிழினிக்கு யார் சமைப்பது? அவளுக்கு நல்லா உப்புப் போட்டே ஆக்கிப் போடுகிறேன்.

சௌந்திரம்


புதுச்சத்திரம்
08.12.2024

நங்கையாவுக்கு,

இன்றோடு இருபத்தாறு நாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்பினோம். ஆறரை மணி பஸ். வாசலில் செருப்பைப் போடக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்தார். "பிரபா, கால்ல தெம்பே இல்லடி" என்றார். தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள், எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நீங்களும் அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள். அவரைக் குளிப்பாட்டும்போது, அத்தனை பேருக்கும் நடுவில், என்னைப் பார்த்து. "ஒரு கல்லு உப்புக்கு ஏங்க வெச்சே எந்தம்பியக் கொன்னுட்டியே." நான் பதில் பேசவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவர் வாயில் என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்துவிட்டேன். என்னைப் பற்றியென்றால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் அதைத் தமிழினி கேட்டுவிட்டாள். பதின்மூன்று வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என்னிடம், "அத்தை சொன்னது நெசமாம்மா" என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து நான் ஆக்கிய சோற்றை என் முன்னால் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். உப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறாள்.

வீட்டில் மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் என்னோடு பேசவில்லை என்றால் நான் யாருக்காக அடுப்பைப் பற்றவைப்பது? உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவளிடம் ஒரே ஒரு வார்த்தை, அம்மா அப்படிச் செய்யவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

பிரபா


மேச்சேரி
21.12.2024

பிரபா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து இரண்டாம் நாள் வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வரும் மஞ்சுளா வந்தாள். எனக்குப் பிரஷர் ஏறிக் கிடந்தது. "உப்பக் கொறைங்கக்கா" என்றாள். நான் பெருமையாக உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து காட்டினேன். "நோயாளிங்க சாப்பிடற உப்பு எங்கிட்ட இருக்குது" என்றேன். அவள் அதைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தாள். யாருக்கு வாங்கினீர்கள் என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறிப்போயிற்று.

பிரபா, பொடியில் அதைப் போட்டேன். முதல் டப்பாவிலிருந்தே போட்டேன். நாக்குச் செத்துவிட்டது என்று அவன் சொன்ன அன்றைக்கு மேட்டூருக்குப் போய்க் கடையில் விசாரித்தேன். பிரஷர்காரர், இதயக்காரர் எல்லோரும் வாங்குகிற உப்பு, சாதா உப்பில் இருக்கும் கெடுதல் இதில் பாதிகூடக் கிடையாது என்றார் கடைக்காரர். பாக்கெட்டில் சிவப்பாக நெஞ்சுப் படம் போட்டிருந்தது. நல்லது என்றால்தானே படம் போடுவார்கள் என்று நினைத்தேன். கிட்னி போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்று பின்னால் இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியத்தைக் கலந்திருக்கிறார்களாம். நீ எழுதினாயே, நெஞ்சு நின்றுவிடும் என்று, அதே பொட்டாசியம்.

மூன்று தடவை உப்பு வேண்டாம் என்று எழுதினாய். உன் அளவுக் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதன் முன்னாலேயே உட்கார்ந்து கலந்தேன். இது உப்பு இல்லையே, மருந்துக் கடையில் விற்காததுதான் பாக்கி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளி டப்பாவில் அவன் கேட்டான் என்று இன்னும் ஒரு பிடி போட்டேன். மிளகு என்று உனக்குப் பொய் எழுதினேன். எடுத்து வளர்த்த கையாலேயே அள்ளிப் போட்டேன். அப்புறம் ஊர் நடுவில் நின்று உன்னைக் கொலைகாரி என்றேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். பொங்கலுக்கு முன்னால் வருகிறேன். தமிழினியை உட்காரவைத்து, உங்கப்பனைக் கொன்றது உன் அம்மா இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவள் என்னைக் காறித் துப்பட்டும். நீயும் துப்பு. அதன் பிறகு உங்கள் வாசப்படி மிதிக்க மாட்டேன்.

சௌந்திரம்


புதுச்சத்திரம்
03.01.2025

நங்கையாவுக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் முதல் நாள் இருந்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லையே என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அந்தக் கோபத்தை உங்கள் பக்கம் மட்டும் வைக்க முடியவில்லை. ஏன் என்பதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

எனக்குத் தெரியும், நங்கையா.

இரண்டாவது டப்பா வந்த அன்றைக்கே ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கடைசியில் லேசாகக் கசந்தது. நீங்கள் உப்புப் போட்டிருக்கிறீர்கள் என்று புரிந்தது. டப்பாவைக் குப்பையில் கொட்டுவதற்குக் கையில் எடுத்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது உள்ளேயிருந்து, "இன்னைக்கி அக்கா பொடியா?" என்று கேட்டார். அந்தக் குரலை என்னவென்று சொல்வது? ரிக்கிலிருந்து லீவில் வருகிறபோது வாசலில் நின்று கேட்கும் குரல். கொட்டவில்லை. தட்டில் போட்டேன். இன்னொரு கரண்டி கேட்டார் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த உப்புமா அதுதான்.

சாதா உப்பு என்றே நினைத்தேன். உப்பு என்றால் தாகம் எடுக்கும், உடம்பில் தண்ணீர் கோக்கும், அதற்குத் தண்ணீரைக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, நாலு டம்ளரை மூன்றரையாக்கினேன். அவருக்குத் தெரியாமல் டம்ளரையே மாற்றினேன். தை வரைக்கும்தானே, அது வரை கொஞ்சம் சந்தோஷமாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். ஒன்பது மாசமாகப் பிடுங்கிப் பிடுங்கி எனக்கும் அலுத்துவிட்டது.

நவம்பர் முதல் வாரம் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறியிருந்தது. சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா, வெளியிலிருந்து பொடி, மருந்து ஏதாவது வருகிறதா என்று டாக்டர் கேட்டார். பொடி என்றே கேட்டார், நங்கையா. "எதுவும் இல்லைங்க டாக்டர்" என்றேன். உப்பு கொடுக்கிறேன் என்று சொன்னால் திட்டுவாரே, ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவாரோ என்று பயந்தேன். உப்பில் பொட்டாசியம் இருக்காது, காய்தான் காரணம் என்று முடிவு செய்து, வீட்டுக்கு வந்து காயை மூன்று தடவை வேகவைத்துக் கொட்டினேன். சக்கை மாதிரி இருந்த அந்தக் காயில் உங்கள் தீபாவளிப் பொடியைத் தாராளமாகப் போட்டேன். வாய்க்கு ருசியாக இருக்கட்டுமே என்று. நானேதான் போட்டேன், என் கையால்.

நீங்கள் இழவு வீட்டில் கத்தியபோது நான் பேசாமல் நின்றது பெருந்தன்மை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். பெருந்தன்மை இல்லை. என் வாயைத் திறந்தால் அது வெளியே வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போன மாதம் அம்மா அப்படிச் செய்யவில்லை என்று சொல்லுங்கள் என உங்களிடம் கேட்டபோதும், இதையெல்லாம் மறைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

வேறு காரணத்தாலும் நெஞ்சு நின்றிருக்கலாம், இந்த நோயில் அப்படி ஆவதுண்டு என்று பிறகு டாக்டர் சொன்னார். அவருக்கு நான் சொன்னது மட்டும்தானே தெரியும். உண்மை எது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. நாம் இரண்டு பேரும் இதோடுதான் இருந்தாக வேண்டும்.

பொங்கலுக்கு முன்னால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். ஆனால் பழியை நீங்கள் ஒருவரே வாங்கிக்கொண்டு போவதற்கு வர வேண்டாம். நான்தான் என்று நீங்கள் சொன்னால் தமிழினி நம்பிவிடுவாள். அன்றைக்கே என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், என் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவாள். எனக்கு வேண்டியது அதுதான். பத்து நாளாக அதை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். முடியவில்லை, நங்கையா. ஒவ்வொரு வேளையும் அவள் முகத்தைப் பார்த்துச் சோறு போட வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. காலைப் பஸ்ஸில் வந்துவிடுங்கள். மூன்று பேருக்கும் சமைத்து வைக்கிறேன். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்வோம். முதலில் நான் சொல்கிறேன். அதன் பிறகு அவள் நம்மில் யாரோடு பேசுவாள், யாரோடும் பேசாமலே போவாளா என்று எனக்குத் தெரியாது. எழுந்து போனால் கூப்பிடாதீர்கள், போகட்டும்.

அன்றைக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகிற மாதிரி வராதீர்கள். நாலு நாளைக்கு வேண்டிய துணிமணி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பிரபா